பலர் எழுதிய பக்கமும் ஆப்த மொழியும்

வகுப்பறையில் கூட்டு இணையத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவி, செலவு, இணைப்பின் வேகம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஆயினும் ஒரே பக்கத்தைப் பல மாணவர் எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்துத் திருத்தி, முடிவில் எவர் கைச்சாயலும் தெரியாத ஒரு பாடமாக அதை ஆக்கும்போது, அந்தப் பாடத்தில் உள்ள அறிவு யாருடையது என்பதும், அது மெய் என்பதற்கு யார் பிணை நிற்பார் என்பதும் கேட்கப்பட வேண்டியவையாகின்றன. இந்தியத் தத்துவ மரபுகள் அளவை என்றும் பிரமாணம் என்றும் பெயரிட்டுப் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினாவின் இன்றைய வடிவமே இது. ஓர் அறிவு எந்த வாயிலாக வந்தால் அதை மெய்யறிவாக ஏற்கலாம் என்று வரையறுப்பதே அளவை. நேரில் காணும் காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணரும் கருதல், நம்பத் தகுந்தவர் சொல்லாகிய உரை என்னும் மூன்றையும் சிவஞான சித்தியார் முதன்மையாகக் கொள்கிறது. மணிமேகலையில் வஞ்சி மாநகரின் சமயவாதிகளிடம் அந்தந்தச் சமயத்தின் உறுதிப்பாட்டை மணிமேகலை கேட்டறியும் காதை, வியாதன், கிருதகோடி, சைமினி ஆகியோர் முறையே பத்தும் எட்டும் ஆறுமாகக் கொண்ட அளவைகளின் கணக்கோடு தொடங்குவதைப் பார்த்தால், எதை நம்புவது என்னும் ஆராய்ச்சியை எப்படி நம்புவது என்னும் ஆராய்ச்சிக்குப் பின்னால் வைத்த ஒழுங்கு தமிழுக்குப் பழையது என்பது விளங்கும்.

பலர் சேர்ந்து எழுதவும் திருத்தவும் இடம்தந்து, யார் எப்போது எதை மாற்றினார் என்னும் திருத்த வரலாற்றையும் தன்னுள் காத்து வைக்கும் இணையப் பக்கங்களே இங்குக் கூட்டுத் தொழில்நுட்பம் எனப்படுகின்றன. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995இல் வெளியிட்ட முதல் விக்கித் தளமும், 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும், 2003இல் தொடங்கி இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் தொடக்க காலத்தில் பெருமளவு தம் உழைப்பால் வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வகையின. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டிக் கல்லூரி மாணவரிடையே தமிழ் விக்கிப்பீடியாவுக்கான கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டதும், 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர் பலருக்கு அதில் எழுதும் பயிற்சி தரப்பட்டதும் இந்தத் தொழில்நுட்பம் கல்வி நிறுவனங்களின் வாசலுக்கு வந்த தருணங்கள். 2018 முதல் பாடநூல்களில் அச்சிடப்பட்ட கியூஆர் குறியீடுகளும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் கைப்பேசிக்குள் புகுந்த வாட்ஸ்அப் வகுப்புகளும் பெரும்பாலும் ஒருவர் சொல்லப் பலர் கேட்கும் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிகள்; கரும்பலகை கண்ணாடித் திரையாக மாறியதைத் தவிர அவற்றில் அறிவின் உடைமை பற்றிய புதிய வினா ஏதும் எழவில்லை. இணையம் இருப்பதனாலேயே ஒரு வகுப்பு கூட்டு வகுப்பாகிவிடும் என்ற எண்ணம் அரசாணைகளிலும் விளம்பரங்களிலும் பரவலாக இருப்பதால், இந்த வேறுபாட்டை வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

சேர்ந்து கற்றல் தமிழ்க் கல்வி மரபுக்கு அயலானது என்று கருதுவோர், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியைக் காண வேண்டும். ஆசிரியர் சொன்னதை மாணவன் குறைவின்றி முழுதும் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையின் கால் பங்கே என்றும், தன்னோடு பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு கால் பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் கிட்டும் என்றும் அந்நூல் கணக்கிடுகிறது. வடமொழியில் வழங்கும் ஒரு சுபாஷிதமும் இதைப் போலவே நான்கு கால்களாகப் பிரிக்கிறது. ஆனால் அது ஆசானுக்கு ஒன்று, சொந்த அறிவுக்கு ஒன்று, உடன்பயில்வோருக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று என்று பங்கிடுகிறது. அகத்தில் ஓடும் அறிவுக்கும் மெல்லக் கனியும் காலத்துக்கும் அந்தச் சுபாஷிதம் தந்த அரைப் பங்கை நன்னூலார் அவைக்கும் கேட்போருக்கும் தந்திருக்கிறார். சமண முனிவர் ஒருவர், தனித்திருந்து தவம் செய்யும் மரபில் வந்தவர், கல்வியின் பெரும்பகுதி பிறர் முன்னிலையில்தான் நிறைவெய்தும் என்று கருதியது சிந்திக்கத் தக்கது. கூட்டுப் பக்கத்தில் எழுதும் மாணவன் நன்னூல் கணக்கில் முக்கால் பங்கை, அதாவது உடன்பயில்வோரின் காலையும் எடுத்துரைத்தலின் அரையையும், ஒருசேரத் தொடுகிறான். சுபாஷிதத்தின் கணக்கில் பார்த்தாலோ, எழுதிய கணமே திருத்தமும் மறுமொழியும் வந்து விழும் அந்தப் பக்கம் காலத்தின் பங்கைத்தான் முதலில் விழுங்குகிறது. இரண்டு கணக்கும் உண்மை. எது இந்தத் தலைமுறைக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்பதைப் பார்த்தே ஆசிரியர் ஒன்றின் பக்கம் சாய வேண்டும்.

மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறை உலகில் பரவியதில் சென்னைக்கும் பங்கு உண்டு என்பதையும் இவ்விடத்தில் சேர்த்துப் பார்க்கலாம். எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது தேர்ந்த சிறுவரைக் கொண்டே மற்றவர்க்குக் கற்பித்து, 1797இல் அந்தச் சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. ஆனால் சட்டாம்பிள்ளை மனப்பாடத்தை ஒப்பிக்கச் செய்தானே தவிர விவாதத்தை நடத்தவில்லை. பெல்லின் முறையும் குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளை அடக்கி நடத்தும் வழியாகவே விரும்பப்பட்டது. இன்று ஐவர் கொண்ட குழுவுக்கு ஒரு பகிர்வுக் கோப்பைக் கொடுத்து, அவர்களுள் கணினி அறிந்த ஒருவனே முழுவதையும் எழுதி முடிக்க மற்ற நால்வரும் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வகுப்புகளில் நடப்பது சட்டாம்பிள்ளை முறையின் மறுபிறப்பே.

பலர் எழுதிய பக்கத்துக்கு யார் பிணை நிற்பார் என்னும் சிக்கலின் தத்துவ வேர் மீமாம்சகர்க்கும் நையாயிகர்க்கும் இடையே நடந்த வாதத்தில் இருக்கிறது. வேதத்தின் சடங்கு விதிகளை ஆராயும் மீமாம்சகர், ஒரு சொல் பொய்யாவது அதைச் சொல்லுவோனின் மயக்கத்தாலும் வஞ்சத்தாலும்தான் என்றும், ஆக்கியோன் எவனும் இல்லாத வேதத்துக்கு அந்தக் குறைகள் நேரும் வழியே இல்லை என்றும் வாதிட்டனர். இந்த ஆக்கியோனின்மையை அவர்கள் அபௌருஷேயம் என்றனர். தருக்க நூலாராகிய நையாயிகரோ, சொல்லின் மெய்ம்மை சொல்லுவோனின் தகுதியிலிருந்தே பிறக்கிறது என்றனர். பொருளைத் தான் அறிந்து, அறிந்தபடியே பிறர்க்குச் சொல்ல விரும்புபவன் ஆப்தன், அவன் மொழியே உரை அளவை என்பது அவர்கள் கொள்கை. இந்த இலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றே என்று நியாய சூத்திரத்தின் உரைகாரர் வாத்சியாயனர் சேர்த்துச் சொல்லியது, பிறப்பையும் பட்டத்தையும் கடந்து அறிவின் தகுதியை வரையறுத்த அரிய இடம்.

கூட்டாக எழுதப்பட்ட பக்கம் மாணவனின் கண்ணுக்கு அபௌருஷேயமாகத் தோற்றமளிக்கிறது. பலர் திருத்தித் திருத்தி வழவழப்பாக்கிய நடையில் தனி ஒருவரின் தடுமாற்றம் தெரிவதில்லை. பெயர் மேலே இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அது யாருடைய கருத்தும் அற்ற தூய உண்மையாக மனத்தில் படிகிறது. வேதத்துக்கு ஆக்கியோன் எவருமில்லை என்று மீமாம்சகர் சொன்னதற்கும் இந்தப் பக்கத்துக்கு ஆக்கியோர் பலர் என்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு இருக்கிறது. பலராக இருப்பதால் மயக்கமும் வஞ்சமும் பெருகவும் கூடும், ஒருவர் பிழையை மற்றொருவர் பிடித்து அது குறையவும் கூடும். எனவே வகுப்பறை மீமாம்சகரின் வழியை விட்டு நையாயிகரின் வழியைப் பின்பற்றுவதே பொருத்தம்: ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும், அறிந்ததை அறிந்தபடியே சொன்னாரா என்று கேட்க வேண்டும். திருத்த வரலாறு என்னும் வசதி இதற்காகவே பயன்பட வேண்டியது. முடிந்த பக்கத்தை விட அது முடிந்த விதத்தைக் காட்டும் அந்த வரலாறே கல்வியில் மதிப்பு மிக்கது. எனினும் நடைமுறையில் அதைத் திறந்து பார்க்கும் ஆசிரியர் அரியர்.

அறிவுக்கு வந்த வழியைக் காட்டத் தெரியாதபோது நேரும் துன்பத்துக்கு விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூர், சிவகாசி வட்டாரமே சிலப்பதிகாரத்தில் ஒரு கதை தந்திருக்கிறது. ஆமத்தூரிலிருந்து சிவகாசி நோக்கிச் செல்லும் வழியில் உள்ள திருத்தங்கல், அக்காப்பியத்தின் கட்டுரை காதை சொல்லும் தங்கால் என்னும் ஊராகக் கருதப்படுகிறது. சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் சோழநாட்டு அந்தணன் அவ்வூர்ப் போதி மன்றத்தில் இளைப்பாறி, விளையாடிக்கொண்டிருந்த சிறுவரைத் தன்னோடு சேர்ந்து மறை ஓத அழைக்கிறான். வார்த்திகன் மகன் தக்கிணன் மழலை மாறாத வாயால் பிழையின்றி உடன் ஓதி அணிகலன்களைப் பரிசாகப் பெறுகிறான். அந்த அணிகள் புதையலாகக் கிடைத்தவை என்று ஐயுற்ற அரசு அலுவலர் தந்தையைச் சிறையிலிட, அவன் மனைவி கார்த்திகை புலம்ப, ஐயை கோயிலின் கதவு திறவாமற் போகிறது. பாண்டியன் உண்மையை விசாரித்து அறிந்து, பிழை பொறுக்க வேண்டி, வார்த்திகனுக்குத் தங்காலையும் வயலூரையும் தந்தபின்பே கதவு திறக்கிறது. கண்ணகியின் வழக்கைப் பற்றிய பெருங்கதைக்குள் இளங்கோவடிகள் இதை வைத்ததன் நோக்கம் பாண்டியர் முறையறிந்தவர் என்று காட்டுவதே. ஆயினும் கல்வியைப் பற்றி எண்ணுவோர்க்கு இதில் வேறொன்று புலப்படும். சிறுவனின் அறிவு அவன் நாவிலேயே இருந்தது, அதற்குச் சான்று வேண்டியிருக்கவில்லை. அதனால் வந்த பொருளுக்குத்தான் வந்த வழி கேட்கப்பட்டது. கூட்டுப் பக்கத்தில் இந்த நிலை தலைகீழாகிறது: அங்கே இருக்கும் சொல் மாணவன் நாவில் இருந்து வந்ததா, வேறெங்கோ கிடைத்த படுபொருளா என்று அறிவுக்கே வந்த வழி கேட்க வேண்டியிருக்கிறது. ஐயுறும் ஆசிரியர் அலுவலரைப் போல முதலில் சிறையிட்டுவிடாமல் பாண்டியனைப் போல விசாரிக்க வேண்டுமானால், எழுதிய மாணவனை அழைத்து அவன் எழுதிய பத்தியைப் பற்றி வாயால் விளக்கச் சொல்வதை விடச் சிறந்த வழி இல்லை.

ஆமத்தூரை ஒட்டிய பள்ளி ஒன்றில் பசுமைப் பட்டாசு பற்றி ஒரு கூட்டுப் பக்கம் எழுதப்படுவதாகக் கொண்டால் ஆப்தன் யார் என்னும் வினா மேலும் கூர்மையாகும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகள் சேர்ந்த பட்டாசுகளைத் தடைசெய்து, மாசு குறைந்தவற்றுக்கு மட்டும் இடம்தந்தது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அத்தகைய பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கியது. பேரியம் நைட்ரேட் பச்சை நிற ஒளியைத் தருவதோடு எரிதலுக்கு வேண்டிய ஆக்சிசனையும் தருவதால் அதைக் கைவிடுவது எளிதன்று என்பது வேதியியல் பாடநூலின் துணையால் விளங்கும். ஆனால் பேரியம் நீங்கியபின் கம்பி மத்தாப்பு வேலையிலும் வாரக் கூலியிலும் நேர்ந்த மாற்றம், கலவை மருந்து உராயாமல் கையாளும் பக்குவம், ஓர் அறைக்கு நால்வருக்கு மேல் அமரக் கூடாது என்னும் விதியின் காரணம் ஆகியவற்றைச் சொல்லத் தகுதி உடையவர் அந்த மாணவரின் தாய்மார்களும் தந்தையருமே. வாத்சியாயனரின் இலக்கணப்படி அவர்கள் ஆப்தர். பாடநூலோ தேடுபொறியோ அவர்களுக்கு நிகராகாது. பக்கத்தில் அவர்கள் சொல் ஏறும்போது, படிப்பு என்றால் வீட்டுத் தொழிலிலிருந்து தப்பிப்பது என்று மட்டும் அறிந்திருந்த பிள்ளைக்கு, அந்த வீட்டிலும் அறிவு உண்டு என்பது தெரியவருகிறது. சிறார் உழைப்பை ஒழிக்க உச்ச நீதிமன்றம் சிவகாசியைக் குறித்து 1990இலும் 1996இலும் தீர்ப்பு வழங்க வேண்டியிருந்த ஒரு வட்டாரத்தில், பிள்ளை தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் திரும்பாமலே அதைப் பற்றிய அறிவைப் பெறுவது சிறிய செய்தியன்று.

அதே பக்கம் ஓர் எல்லையையும் காட்டுகிறது. மருந்துக் கலவையின் அளவைப் பலர் விருப்பப்படி திருத்தி முடிவு செய்ய முடியாது. ஆலையில் போர்மேன் என்னும் கண்காணிப்பாளர் அதற்குப் பொறுப்பு, விபத்து நேர்ந்தால் வழக்கும் அவர் மேல் பாயும். பெரும்பான்மையின் ஒப்புதல் ஒரு செய்தியை உண்மையாக்காது என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. சேர்ந்து எழுதுவது சேர்ந்து முடிவெடுப்பதாக மயங்கும் இடத்தில் ஆசிரியர் தலையிட வேண்டும். அந்தத் தலையீட்டை அதிகாரம் என்று வெறுக்கும் போக்கு கூட்டுக் கல்வியைப் புகழ்வோரிடம் உண்டு, அது தவறானது. வாக்கெடுப்பால் தீர்க்கத்தக்க செய்தி எது, சான்றால் மட்டும் தீர்க்கத்தக்க செய்தி எது என்று பிரித்துக் காட்டுவதைக் கருவி செய்யாது. பிள்ளைகளின் குடும்பச் செய்திகள் இணையத்தில் ஏறுவதிலும் எச்சரிக்கை வேண்டும்: 18 வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுகிறது, உரிமம் இல்லாத வேலையைப் பற்றி ஒரு பிள்ளை வெள்ளந்தியாக எழுதும் வரி அவன் வீட்டின் பிழைப்பையே கேள்விக்கு உள்ளாக்கலாம்.

பொது என்பதைக் கட்டிக் காக்கும் ஒழுக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. நாடார் உறவின்முறையினர் வணிகத்தின் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு பங்கை மகமையாக ஒதுக்கிப் பள்ளிகளை நடத்தினர்; காமராசர் பயின்ற விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி திரட்டப்பட்டது. ஒரு பிடி அரிசி மற்றப் பிடிகளோடு கலந்தபின் யாருடையது என்று பிரிக்க முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை. ஆனால் இடாதவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. கூட்டுப் பக்கத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும். பொது இடம் என்று பெயர் பெற்றது எல்லார்க்கும் திறந்திருக்கும் என்று நம்புவதற்கும் இவ்வட்டாரம் இடம் தராது: கோயில் நுழைவை ஒட்டி 1899இல் சிவகாசியில் மூண்ட கலவரம் பொதுவின் கதவு யாருக்குத் திறக்கும் என்ற வழக்கின் ஒரு கட்டமே. இணையப் பக்கத்தின் கதவில் பூட்டு இல்லை என்றாலும், வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி இரவு வரை தந்தையோடு வேலைக்குப் போயிருக்க, அது திரும்பியபின் அண்ணன் கையில் இருக்க, எழுதும் முறை வராமலே உறங்கிவிடும் தங்கைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. திருத்த வரலாற்றில் அவள் பெயர் இல்லாதது சோம்பலாகப் பதிவாகும். இந்த அநியாயத்தைப் போக்கப் பள்ளி நேரத்துக்குள், பள்ளிக் கணினியில் மட்டும் கூட்டெழுத்தை நடத்துவது எளிய வழி. வேறு திட்டங்கள் இதன் பின்னரே வரத் தக்கவை.

எஞ்சுவது ஆன்மிகத்தைத் தொடும் வினா. குரு மரபில், அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பக்குவம் பார்த்து இறங்குவது; பலர் முன் பரப்பப்படும்போது அதன் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை எடைபோட விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமண மகரிஷியின் நான் யார்? என்னும் சிறுநூல் உதவும். 1901, 1902 ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் வருவாய்த்துறை அலுவலர் திருவண்ணாமலையில் அவரை அணுகிக் கேட்ட வினாக்களுக்கு, அந்நாளில் பேசாதிருந்த அவர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து பிறந்தது அது. பிள்ளை அவற்றைக் குறித்து வைத்து 1923இல் வெளியிட, பின்னர் இரமணரே அதைக் கட்டுரை வடிவாக்கினார். மௌனத்தையே உயர்ந்த உபதேசமாகக் கருதிய ஒருவரின் புகழ்பெற்ற உரைநடை, கேட்டவர், எழுதிக் காட்டியவர், குறித்து வைத்தவர், திரும்ப எழுதியவர் என்னும் நான்கு நிலைகளைக் கொண்ட கூட்டு வேலையாக உருவாயிற்று. அதனால் அதன் உயிர் போகவில்லை. போகாமல் இருந்ததற்குக் காரணம் பிள்ளையின் வினாக்கள் அவருக்கு உண்மையாகவே விடை தெரிய வேண்டியவையாக இருந்ததுதான். வகுப்பில் கூட்டுப் பக்கத்துக்குத் தலைப்புத் தருபவர் எப்போதும் ஆசிரியராகவும், விடை பாடநூலில் ஏற்கெனவே இருப்பதாகவும் இருக்கும்வரை, பத்துப் பேர் சேர்ந்து எழுதினாலும் அது பத்துப் பேர் செய்த பிரதியாகவே முடியும். பொதுத்தேர்வின் விடைத்தாள் ஒரே கையைத்தான் கேட்கிறது என்பதால் பள்ளிகளும் அதற்கு மேல் துணிவதில்லை. பேரியம் இல்லாமல் பச்சை ஒளியைப் பெறும் வழி யாது, ஆலை மூடியிருக்கும் மாதங்களில் நம் தெரு எதைக் கொண்டு பிழைக்கிறது என்பன போன்று ஆசிரியருக்கும் விடை தெரியாத வினாக்களை மாணவரே பக்கத்தின் தலையில் எழுதும் வகுப்பு, மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாவிட்டாலும், சிவப்பிரகாசம் பிள்ளை நின்ற இடத்தில் தொடங்குகிறது.